வெஸ்டர்பி இறங்கினால்

பிப்ரவரி 8, சனி

வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது. இட்லி இன்று கல். குற்றம் என்னுடையது இல்லை, ஒகையோவில் மாவுக்கே குளிர் தாங்கவில்லை.

பத்து மணிக்கு டிவியில் கால்பந்து மேட்ச். என் வீட்டுக்காரர் தங்கப்பழம், மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டார். சட்டையில் ‘வெஸ்டர்பி’ என்று எழுதியிருக்கும். வாங்கியபோது நேராக இருந்த எழுத்து, இப்போது தொப்பை மேல் ஏறி இறங்குகிறது.

வெஸ்டர்பி இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். நாங்கள் போனதில்லை. அந்த ஊரில் ஒரு ஈ காக்கைக்கும் எங்களைத் தெரியாது. ஆனாலும் அந்த ஊர் டீம் தோற்றால் எங்கள் வீட்டில் சாம்பார் மிஞ்சும்.

எல்லாம் மகள் நித்திலா செய்த வேலை. ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் மஞ்சள் சட்டை போட்டுப் பந்து ஆடினாள். டிவியில் மஞ்சள் சட்டைக்காரர்களைப் பார்த்ததும் இதுதான் என் டீம் என்று சொல்லிவிட்டாள். இவர் கோவில்பட்டியில் ஹாக்கி பார்த்து வளர்ந்தவர், காலால் உதைப்பதெல்லாம் ஒரு ஆட்டமா என்று கேட்டவர். மகள் சொன்னதும் சட்டை வாங்கிவிட்டார். அவளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. எனக்கு இல்லை. எனக்கு ராசி இல்லையாம். நான் ஹாலில் உட்கார்ந்தால் நம் ஆட்கள் கோல் வாங்குகிறார்களாம். அதனால் மேட்ச் முடியும்வரை நான் சமையலறையில். பள்ளிக்கூடத்து உணவுக்கூடத்தில் வாரம் முழுக்க முந்நூறு பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு, சனிக்கிழமை வீட்டிலும் ஜெயில்.

நித்திலா இப்போது சிகாகோவில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது, அத்தை மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றாள். வேறு ஒருவர் மனதில் இருக்கிறார் என்றும் சொன்னாள். இவர் தன் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அன்றைக்கு நின்றது அப்பா மகள் பேச்சு.

ஆனால் மேட்ச் நேரம் மட்டும் கணக்கில் சேராது போலிருக்கிறது. ஆட்டம் தொடங்கும்போது இவர் போன் போடுவார். போன் ஸ்பீக்கரில் சோபாக் கையில் கிடக்கும். பந்தைப் பற்றி இருவரும் வாய் ஓயாமல் பேசுவார்கள். கடைசி விசில் ஊதியதும் “சரி” என்று சொல்லிச் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிடுவார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒரு வார்த்தை கிடையாது.

இன்று இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். நான் சமையலறையில்தான் இருந்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நித்திலா என்னிடம் பேசினாள். என்னிடம் தினமும் பேசுவாள்.

வெஸ்டர்பி கடைசி மூன்று இடத்துக்குள் வந்துவிட்டதாம். மே மாதம் முடியும்போது கடைசி மூன்றில் இருப்பவர்களைக் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்களாம். ஏழாம் வகுப்புப் பாஸ் பண்ணாதவனை ஆறில் உட்கார வைப்பதுபோல. தள்ளினால் தள்ளட்டும், கீழே இருந்து ஆடட்டுமே என்றேன்.

“கீழ போனா நம்ம டிவில காட்ட மாட்டாங்கம்மா.”

டிவியில் இல்லையென்றால் சனிக்கிழமைப் போனும் இல்லை. என்ன சமைத்தாய் என்று கேட்டேன். நூடுல்ஸ் என்றாள். வைதேன்.

மஞ்சள் சட்டையைத் தனியாக அலசிப் போட்டேன். மெஷினில் போட்டால் எழுத்து உரிகிறது.

பிப்ரவரி 15, சனி

தோல்வி. சாம்பார் மிச்சம்.

பிப்ரவரி 22, சனி

இன்று போனில் மூன்றாவது குரல் ஒன்று கேட்டது. நம் ஆள் ஒருவன் கோல் போட்டான். பந்து வருமுன்னே எதிராளிகளைத் தாண்டி நின்றானாம், ஆஃப்சைடாம், கொடி தூக்கி, செல்லாது என்றுவிட்டார்கள். சிகாகோவிலிருந்து ஒரு ஆண் குரல் இங்கிலீஷில் நடுவரைக் கிழி கிழி என்று கிழித்தது.

இவர் டிவியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. “பக்கத்து வீட்டு டிவியா?” என்று கேட்டார்.

“இல்லப்பா.”

அவ்வளவுதான். பக்கத்து வீட்டு டிவிக்கு மில்வாக்கிக்காரன் உச்சரிப்பு இருக்காது என்று இவருக்குத் தெரியாதா. நித்திலா மனதில் இருக்கும் டெஸ்மண்ட் மில்வாக்கி ஊர்க்காரன். எனக்கு வீடியோவில் தெரியும். உயரமான பையன், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆட்டிக்கொண்டே பேசுவான். என்னை ‘ஆன்ட்டி’ என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ‘அத்தை’ என்று சொல்லச் சொல்லியிருக்கலாம், அவசரப்பட வேண்டாம் என்று விட்டிருப்பாள். இதையெல்லாம் நான் இவரிடம் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து இவராகவே போனைப் பார்த்து, “அது ஆஃப்சைடுதான். தெரியாம யாரும் கத்த வேண்டாம்” என்றார்.

யாரும் என்றால் யார் என்று நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். உன் வேலையைப் பார் என்றார்.

மார்ச் 1, சனி

ஜெயித்தோம். கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொன்னார். ஜன்னலைத் திறக்காமல் கருவாடு வறுத்தால் புகை அலாரம் அலறும், திறந்தால் நாங்கள் உறைந்துபோவோம். வறுத்தோம், உறைந்தோம்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று அமெரிக்காவில் நேரம் மாறும் நாள். கடிகாரங்களை எல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன். இங்கிலாந்தில் இப்போதைக்குத் தள்ள மாட்டார்களாம், மாதக் கடைசியில்தானாம். அதனால் அதுவரைக்கும் மேட்ச் நமக்குப் பத்துக்குப் பதில் பதினொரு மணிக்கு வரும். வருஷா வருஷம் நித்திலாதான் அப்பாவுக்கு ஞாபகப்படுத்துவாள்.

மார்ச் 15, சனி

இவர் வழக்கம்போலப் பத்து மணிக்குச் சட்டையும் போனுமாக உட்கார்ந்தார். நித்திலா எடுத்துவிட்டாள். டிவியைப் போட்டால் கோட்டுப் போட்ட நாலு பேர் மேஜை போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். மைதானம் காலி.

“என்னட்டி இது, ஆளையே காணும்?”

“நேரம் மாறிருச்சுப்பா. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு.”

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும், நான் ஏழாம் வகுப்பு என்றேன். தேங்காய் துருவுவதில் மும்முரமாக இருந்தேன்.

போனை வைத்துவிட்டுப் பதினொரு மணிக்குத் திரும்பப் போட்டிருக்கலாம். யாருக்கும் அது தோன்றவில்லை. முதலில் இருவரும் கோட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு இவர் அங்கே பனி எப்படி என்று கேட்டார். அவள் முட்டளவு என்றாள். கார் டயர் மாற்றினாயா என்றார். இல்லை என்றாள். பின்னால் இருக்கும் இரண்டும் தேய்ந்திருக்கும், தீபாவளிக்கு வந்தபோதே பார்த்தேன் என்றார். அன்றைக்கு மகளோடு சண்டை போட்டுவிட்டு வெளியே போனவர், அவள் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு ஆஸ்பத்திரியில் முட்டி மாற்றிய கிழவர் ஒருவர் இவளைக் கிள்ளிய கதை வந்தது. இவர் சிரித்தார். வீட்டில் அந்தச் சிரிப்புக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

ஆட்டம் தொடங்கியதும் பழையபடி பந்து, பந்து, பந்து. சமமாக முடிந்தது. “சரி,” சிவப்புப் பொத்தான்.

தேங்காய் ரொம்பத் துருவிவிட்டேன். நாளைக்கும் சட்னிதான்.

மார்ச் 16, ஞாயிறு

நேரம் மாறியதை ஏன் அப்பாவிடம் முன்னமே சொல்லவில்லை என்று நித்திலாவிடம் கேட்டேன். மறந்துவிட்டதாம். நீ ஏன் சொல்லவில்லை என்று திருப்பிக் கேட்டாள். நானும் மறந்துவிட்டேன் என்றேன்.

ஏப்ரல் 5, சனி

இன்று பிடிபட்டேன்.

எங்கள் சமையலறையில் ஓவன் ஒன்று இருக்கிறது. நாங்கள் என்ன, கேக்கா சுடுகிறோம். அதற்குள் தோசைக்கல், பணியாரச் சட்டி, வடைச் சட்டி எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறேன். அதன் கதவு கறுப்புக் கண்ணாடி. எதிரே ஹாலில் டிவி. கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்தால் கண்ணாடியில் ஏதோ மஞ்சளாக ஓடுவது தெரியும். கண் இருந்தால் தெரியத்தானே செய்யும், நான் என்ன செய்வது.

முதல் பாதியில் எதிர் அணிக்காரன் ஒரே பக்கமாக வந்து வந்து போனான். இவர் தலையில் அடித்துக்கொண்டார். என்னால் பொறுக்க முடியவில்லை. “வலது பக்கத்துல நம்ம நெட்டையன் தூங்குதான். அவனை மாத்தச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டேன்.

இவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

“நெட்டையன் இடது பக்கம்லா ஆடுதான்” என்றார் இவர் மெதுவாக. “ஏட்டி செல்லக்கனி. உனக்கு எப்படி நெட்டையனைத் தெரியும்?”

டிவிக்காரன் சொன்னது காதில் விழுந்தது என்றேன். போனில் நித்திலா விழுந்து விழுந்து சிரித்தாள். “ம்மா, நீ கண்ணாடியில பாக்குற. அதான் உனக்கு இடது வலதாத் தெரியுது.”

இவர் எழுந்து வந்தார். கீரைக்கட்டைத் தள்ளி வைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஓவன் கதவைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்தா வெஸ்டர்பி கோல் போட வேண்டும். பருவம் முழுக்க ஒரு பந்து விடாமல் பார்த்த மனுஷர், அந்தக் கோலை மட்டும் வடைச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, இடம் வலம் மாறிப் பார்த்தார்.

நான் பார்த்தும் கோல் விழுந்ததே, இப்போது என் ராசிக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் உனக்கு ராசி உண்டு போல, அங்கேயே இரு என்றார்.

ஒன்றுக்குப் பூஜ்யம். ஜெயித்தோம். நெட்டையனை இடைவேளைக்குப் பிறகு மாற்றினார்கள். நான் சொன்னதை யாராவது கேட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ கிடைக்கவில்லை.

கோவில்பட்டியிலிருந்து மதினி, அதுதான் இவர் அக்கா, பேசினார்கள். வாழ்த்துச் சொல்லிவிட்டு, ‘பையனுக்கு முப்பது முடியப் போகுது, என்ன முடிவு பண்ணியிருக்கே தம்பி’ என்று கேட்டார்கள். இவரைப் பள்ளிக்கூடம் அனுப்ப அவர்கள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவர்கள். மதினிக்கு முன்னால் இவர் இன்னும் டவுசர் போட்ட பையன்தான். சொல்லுதேன்க்கா, சொல்லுதேன்க்கா என்று நாலு தடவை சொன்னார். எதையும் சொல்லவில்லை.

பச்சடியைத் தொடவே இல்லை. கசப்பு இல்லாததால் என்று வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 26, சனி

போனில் இப்போதெல்லாம் மூன்று பேர் ஆட்டம் பார்க்கிறார்கள். இவர் டெஸ்மண்டிடம் நேராகப் பேசுவது கிடையாது. ‘அவன்கிட்ட சொல்லு, பந்து இல்லாதவனையும் பாக்கணும்னு’ என்பார். நித்திலா சொல்வாள். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேள்வி வரும். ‘அப்பா, அவன் கேக்கறான், கோல்கீப்பரையும் கணக்குல சேர்க்கணுமா?’ இவர் நெற்றியைச் சுருக்கி, ‘நல்ல கேள்விதான்’ என்பார். மகளே தபால்காரி. இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் தெரியும் என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

வேலை பார்க்கும் கிடங்கில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும்போது இவர் சத்தமாகப் பேசிக்கொள்கிறார் என்று கூட வேலை செய்பவர் சொன்னாராம். எதைப் பற்றி என்று கேட்டேன். ஆஃப்சைடை எளிமையாகச் சொல்வது எப்படி என்று யோசித்தாராம்.

மே 10, சனி

தோல்வி. கடைசியிலிருந்து மூன்றாவது இடம்.

மே 17, சனி

சமம். அதே இடம். இன்னும் ஒரே ஆட்டம்தான். ஜெயித்தால் மேலே, இல்லாவிட்டால் கீழே.

நித்திலா எனக்குத் தனியாகப் போன் போட்டாள். “ம்மா, அடுத்த வாரத்தோட முடிஞ்சுருமோ?” என்றாள். பந்தாட்டத்தைக் கேட்கிறாள் என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டுமாம். பந்து உருண்டை, எப்படி வேண்டுமானாலும் போகும் என்றேன். அழுதாளா, சளியா என்று தெரியவில்லை.

மே 24, சனி

பழத்தட்டு, கற்பூரம் எல்லாம் தயார் பண்ணி, ஹேமில்டன் ரோட்டுக் கோவிலுக்குப் போகலாம் என்றார். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றார். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார் குருக்கள். மகள் பெயரும் நட்சத்திரமும் சொன்னார். வெஸ்டர்பிக்கு நட்சத்திரம் தெரியாதே என்றேன். குருக்கள் முன்னால் முறைத்தார்.

மே 25, ஞாயிறு

எல்லா மேட்சும் ஒரே நேரம், பதினொரு மணி. இவர் காலைச் சாப்பாடு வேண்டாம் என்றார். நான் முக்காலியில் உட்கார்ந்தேன். கீரை இல்லை. இரண்டு வெங்காயத்தை வைத்துக்கொண்டு உரித்ததையே உரித்தேன்.

முதல் பாதியில் நம் ஆள் தலையால் முட்டிப் போட்டான். ஹாலில் இவர், சிகாகோவில் அவர்கள் இரண்டு பேர், போன் தெறிக்கிற மாதிரிக் கத்தினார்கள். அதற்குப் பிறகு நேரம் நகரவில்லை. எல்லாரும் கோல் வாசலில் போய் நின்றுகொண்டார்கள். இப்படி நின்றால் அடி வாங்காமல் என்ன செய்வார்கள், இரண்டு பேரையாவது முன்னால் விட வேண்டாமா. எனக்கு இந்தப் பந்து விஷயமெல்லாம் தெரியாது.

முடிய ஏழெட்டு நிமிஷம் இருக்கும்போது எதிர் அணிக்காரன் போட்டுவிட்டான். ஒன்றுக்கு ஒன்று.

இவர் திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டார். “நீ உள்ள இருந்தும் போட்டுட்டான். வா, வந்து உக்காரு.”

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேராகப் பார்க்கும்போது நெட்டையன் இடது பக்கம்தான் ஆடினான். கடைசியில் நம் ஆள் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. என் கையை இவர் இறுக்கிப் பிடித்திருந்தார். விசில் ஊதினார்கள்.

வெஸ்டர்பி இறங்கிவிட்டது.

டிவியில் ஒரு கிழவரும் பேத்தியும் மஞ்சள் துண்டில் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் விரல் பொத்தான் பக்கத்தில் இருந்தது. ‘சரி’ என்று சொல்லவில்லை. அமுக்கவும் இல்லை.

“அப்பா” என்றாள் நித்திலா. “இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

போனில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. ‘அழாதட்டி’ என்றார் இவர்.

“நான் இல்லப்பா. அவன்.”

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். பிப்ரவரியில் ஆஃப்சைடு தெரியாமல் கத்திய பையன், போய்ப் பார்க்காத ஒரு ஊருக்காக சிகாகோவில் உட்கார்ந்து அழுகிறான்.

“கிறுக்குப் பய” என்றார் இவர். சொல்லிவிட்டு டிவியை அணைத்தார். “அடுத்த சனிக்கிழமை மேட்ச் கிடையாது. சும்மாதான் இருப்போம். ரெண்டு பேரும் வாங்க.”

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுவது நின்றது.

“ஆஃப்சைடை எல்லாம் போன்ல சொல்லிக் குடுக்க முடியாது” என்றார். “டயர மாத்திட்டு வா.”

அப்புறம்தான் பொத்தானை அமுக்கினார். சாம்பாரை முழுசாகச் சாப்பிட்டார்.

மே 28, புதன்

வேலையிலிருந்து வந்ததும் போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். கோவில்பட்டியில் விடிந்திருக்காது, ஆனால் மதினி சீக்கிரம் எழுந்துவிடுவார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேசும்போது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பேசினார், பிறகு கேட்டார்.

உள்ளே வரவில்லை. மெஷினை எடுத்துப் புல் வெட்டினார். ஞாயிற்றுக்கிழமைதான் வெட்டியிருந்தார். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

“வையத்தான் செஞ்சா” என்றார். காபியைக் குடித்தார். “கடைசில அந்தப் பையன் நல்லாச் சாப்பிடுவானான்னு கேட்டா.”

மே 31, சனி

மதியம் வந்து சேர்ந்தார்கள். கார் நின்றதும் இவர் முதலில் பார்த்தது பின் டயர்களை. புதுசு. மகளைப் பார்த்து, இளைத்துவிட்டாய் என்றார். அவள் அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு எடுக்கவில்லை. டெஸ்மண்ட் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பூந்தொட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாங்கி வந்தது. என்னிடம் நீட்டினான். ரோஜா. வெயிலில் அதுவும் வாடியிருந்தது, அவனும் வாடியிருந்தான், இரண்டுக்கும் சேர்த்தே தண்ணீர் கொடுத்தேன்.

கோழிக் குழம்பு, ரசம், உருளைக்கிழங்கு. மதினியின் கேள்விக்குப் பதில்: பையன் நன்றாகச் சாப்பிடுகிறான்.

சாப்பிட்டதும் ஆண்கள் இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். டிவி அணைந்திருந்தது. இவர் மேஜையில் மிளகு டப்பா, உப்பு டப்பா எல்லாம் வைத்து ஆஃப்சைடு சொல்லிக் கொடுத்தார். அவனுக்குப் புரிந்துவிட்டது. உடனே புரிந்திருக்கக் கூடாது. பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. இருவரும் மிளகு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நித்திலா நகத்தைக் கடித்தாள்.

இவர் சட்டைக் காலரைச் சரி பண்ணினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். கிடங்கு இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து, அவனையே நேராகப் பார்த்துக் கேட்டார்: உங்கள் அப்பா என்ன வேலை பார்க்கிறார்?

பஸ் ஓட்டுகிறார் என்றான் டெஸ்மண்ட். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டு அக்கா. கல்யாணம் ஆகிவிட்டதா? ஒருத்திக்கு ஆகிவிட்டது. இருப்பது சொந்த வீடா?

“அப்பா” என்றாள் நித்திலா. நகம் கடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

அந்தப் பையன் பாவம், ஏதோ மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்து, வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது வரைக்கும் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நித்திலா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் ரவை வறுக்க எழுந்து போனேன். வீட்டில் கேசரிப் பவுடர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது.